அம்பாசடர் அதிர்வு: ரப்பர் மவுண்ட்டா, கிளட்ச் கவரா?

பாலாற்றுக்கரை: என்ஜினைப் பிரித்துக் கட்டிய அம்பாசடர் ஏன் உதறுகிறது என்று குடியாத்தம் நண்பர் கேட்டதற்கு, "நாலு சிலிண்டர் என்ஜின் பிறவியிலேயே சமநிலையானது, என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டை மாற்றுங்கள்" என்று ஆம்பூர்க்காரர் பதில் எழுதியிருப்பது எரிச்சலூட்டுகிறது. பிஸ்டன்கள் ஓடுவதால் கிராங்க் (அவை சுழற்றும் தண்டு) சுற்றும் அதே வேகத்தில் எழும் முதல்நிலை விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்தாலும், கிராங்க் சுற்றும் வேகத்தைப்போல் இருமடங்கில் எழும் இரண்டாம்நிலை அதிர்வு அந்த 1489 சிசி என்ஜினிலும் இருக்கத்தான் செய்யும். அது கிடக்கட்டும்; கிராங்க்கைச் சமன் செய்யக் கொடுத்தபோது அதன் முனையில் பூட்டும் கனமான சக்கரமான ஃப்ளைவீலையும், ஃப்ளைவீல்மேல் பூட்டும் கிளட்ச் கவரையும் சேர்த்துக் கொடுத்தார்களா?

ஆம்பூர் பத்மினி: நீங்கள் பாடப்புத்தகம் பேசுகிறீர்கள். வேலூர் வெயிலில் இறுகி, எண்ணெயில் ஊறி வெடித்த மவுண்ட்டை மாற்றியதும் என் வண்டியின் நடுக்கம் நின்றது. கிளட்ச் கவர் சமன் செய்யப்பட்டுத்தான் விற்பனைக்கு வருகிறது.

பாலாற்றுக்கரை: பழைய கவரைக் கழற்றும் முன் அதிலும் ஃப்ளைவீலிலும் அதே இடத்தில் திரும்பப் பூட்ட அடையாளமாக சென்டர் பஞ்சால் (கூர்முனை உளியால்) புள்ளி வைத்தார்களா என்பதே கேள்வி. சேர்த்துச் சமன் செய்த இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டினால் எந்த மவுண்ட்டும் காப்பாற்றாது. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வேகத்தைக் கூட்டும்போதும் அதிர்ந்தால் சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்டின் மேலும் சக்கரத்தின் மேலும் பழி போட முடியாது. கிளட்ச்சை மிதித்ததும் அதிர்வு மாறினால் அந்தப் பக்கம்தான் தேட வேண்டும்.

ராணிப்பேட்டை லேத்: பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடை இருவரும் மறந்துவிட்டீர்கள். மொத்த எடை ஒன்றாக இருந்தால் போதாது. பெரிய முனை, சிறிய முனை இரண்டையும் தனித்தனியே எடை போட்டு ஒப்பிட வேண்டும். இதற்கெல்லாம் சென்னைக்கு ஓடும் வேலூர்க்காரர்களுக்கு எங்கள் பட்டறைகள் கண்ணில் படுவதில்லை.

பாலாற்றுக்கரை: 2019இல் தனி மாவட்டம் ஆனதிலிருந்து உங்கள் ஊருக்குப் பேச்சு கூடிவிட்டது. ராடைப் பற்றிப் பாடம் எடுக்கும் முன், இரவல் வாங்கிப் போன, முள்ளால் அளவு காட்டும் என் டயல் கேஜைத் திருப்பித் தாருங்கள். குடியாத்தம் நண்பரே, புள்ளி வைத்தார்களா?

ராணிப்பேட்டை லேத்: முள் ஒட்டிக்கொள்ளும் கேஜைக் கொடுத்துவிட்டு ஊரறியக் கேட்கிறீர்கள்.

குடியாத்தம்: ஐயா, கவரில் இரண்டு புள்ளிகள் தெரிகின்றன, ஃப்ளைவீலில் ஒன்றுகூட இல்லை. இதற்கு என்ன பொருள்?

ஆம்பூர் பத்மினி: முதலில் மவுண்ட்டைப் பாருங்கள், தம்பி.

பாலாற்றுக்கரை: இரண்டு புள்ளியா? யார் வைத்தது? ஃப்ளைவீலையே மாற்றிவிட்டார்களா என்று மெக்கானிக்கைக் கேளுங்கள். ஆம்பூர்க்காரர் இதற்கும் ரப்பரைத்தான் சொல்வார்.