கீப் என்றால் என்ன அர்த்தம்? அவசரம்

துவாஸ்தம்பி: அண்ணன்மாரே, கீப் என்கிற இங்கிலீஷ் வார்த்தைக்குச் சரியான அர்த்தம் என்ன? எனக்குத் தெரிந்தபடிதான் செய்தேன், காலையிலிருந்து திட்டு. லாரி வருவதற்குள் சொல்லுங்கள்.

ஈசூன்காரன்: யார் சொன்னது, எந்த வாக்கியத்தில்? வெறும் கீப் என்றால் எப்படித் தம்பி.

வாத்தியார்65: வைத்திருத்தல். இறந்தகாலம் கெப்ட். பின்னால் ஐஎன்ஜி வந்தால் 'கொண்டே இரு': கீப் டாக்கிங், பேசிக்கொண்டே இரு. பள்ளிக்கூடப் பாடம் இது, இதற்கு ஓர் இழையா?

தேக்காஅக்கா: திட்டியது சீனரா, நம்மூர்க்காரரா?

துவாஸ்தம்பி: சீன சூப்பர்வைசர். நேற்று வேலை முடிந்ததும் டிரில் மிஷினைக் கையில் கொடுத்து "யூ கீப் ஃபர்ஸ்ட் ஆ" என்றார். வைத்துக்கொள்ளச் சொல்கிறார் என்று பையில் போட்டு டார்மிட்டரிக்கே கொண்டுபோய்விட்டேன். காலையில் ஸ்டோரில் மிஷினைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், நான் எல்லார் முன்னாலும் சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழேயிருந்து எடுக்கிறேன்.

தேக்காஅக்கா: அடப்பாவமே, இதை முதலிலேயே சொல்லக்கூடாதா! இங்கே சிங்கப்பூரில் கீப் என்றால் எடுத்து உள்ளே வை. துணி காய்ந்ததும் என் மருமகள் "கீப் த க்ளோத்ஸ்" என்பாள், மடித்து அலமாரியில் வைக்க வேண்டும். மலாயில் சிம்பான் என்ற ஒரே சொல் வைத்திருப்பதற்கும் எடுத்து வைப்பதற்கும் வரும், அங்கிருந்து வந்ததுதான்.

ஈசூன்காரன்: சீனத்தில் ஷோவ் என்பதும் அப்படித்தான் அக்கா. மலாய்க்கு மட்டும் பட்டா போடாதீர்கள்.

வாத்தியார்65: எங்கிருந்து வந்தாலும் தப்புதான். அதற்குப் புட் அவே. "வேர் டு யூ கீப் த ஸ்பேனர்?" என்றால் சரி, வழக்கமாக வைக்கிற இடத்தைக் கேட்கிறோம். எடுத்து வைக்கிற வேலைக்குக் கீப் வராது. 2000இல் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கத்தை ஆரம்பித்தது சும்மாவா?

தேக்காஅக்கா: போன வாரம் நீங்கள்தானே "கீப் த பாக்ஸ் ஆன் த டேபிள்" என்று எழுதினீர்கள்? அது நம் 'வை'யை அப்படியே தூக்கிப் போட்ட இங்கிலீஷ். அங்கே புட் வர வேண்டும் ஐயா.

வாத்தியார்65: அது வேறு.

ஈசூன்காரன்: எப்படி வேறு?? தம்பி, அடுத்த தடவை "கீப் இன் ஸ்டோர் ஆ?" என்று கேட்டுவிடு. சூப்பர்வைசரிடம் விஷயத்தைச் சொன்னாயா?

துவாஸ்தம்பி: சொன்னேன், சிரித்துவிட்டார். ஸ்டோர்காரர்தான் இன்னும் முறைக்கிறார். லாரி வந்தாச்சு. நன்றி அக்கா.

வாத்தியார்65: பாக்ஸ் விஷயத்தில் நான் எழுதியது சரி. இரவு விளக்குகிறேன்.