கல்லூரிகளில் விக்கிப்பீடியா அறிவியல் தொடர்தொகுப்பு: மனத்தை விட்டு அகலாத அனுபவங்கள்

விலங்கியல் விரிவுரையாளர், திருச்சி

நச்சுப்பாம்புகள் பற்றிய தமிழ் விக்கிப்பீடியா கட்டுரைகளை மேம்படுத்துவதற்காக எங்கள் துறையில் நடத்திய தொடர்தொகுப்பில், அதாவது பலர் ஒன்றுகூடிக் கட்டுரைகளை எழுதித் திருத்தும் நிகழ்வில், நடந்தது இது. பயனர் கணக்கு, மணல்தொட்டி எனப்படும் எழுதிப் பழகும் பக்கம், மேற்கோள் சேர்ப்பது ஆகியவை முற்பகலிலேயே முடிந்துவிட்டன. பிற்பகலில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர், தாம் எடுத்துக்கொண்ட கட்டுரையின் முதலுதவிப் பகுதியில், கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுகக் கட்ட வேண்டும் என்றிருந்த வரியை நீக்கினார். செய்தது சரியே. இறுகக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் திசு அழுகக்கூடும் என்பதால், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்றே உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. சில நிமிடங்களில் அந்த வரி பழையபடி பக்கத்தில் வந்து நின்றது. அவர் மறுபடியும் நீக்கினார், மறுபடியும் வந்தது. இம்முறை அவருடைய பேச்சுப் பக்கத்தில், காரணமின்றி உள்ளடக்கத்தை நீக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையும் சேர்ந்து வந்தது.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் சொன்னார்: “எங்க சித்தப்பாவுக்கு இப்படித்தான் சார் கட்டினாங்க. முழங்காலுக்குக் கீழே எடுத்துட்டாங்க.”

சான்றுடன் அந்தப் பகுதி அன்று மாலையே திருத்தி எழுதப்பட்டுவிட்டது. ஆனால் அதற்குள் அவர் கடைசிப் பேருந்தைப் பிடிக்கப் புறப்பட்டுவிட்டார். கட்டுரையின் வரலாற்றைத் திறந்து பார்த்தால், தவறைக் கண்டுபிடித்தவரின் பெயருக்கு எதிரே முன்னிலையாக்கப்பட்ட, அதாவது பழைய நிலைக்கே திருப்பப்பட்ட, இரண்டு தொகுப்புகள் மட்டுமே இருக்கின்றன. அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

சுற்றுக்காவல் பணியில் இருக்கும் ஒரு பயனர்

விரிவுரையாளர் அவர்களின் வருத்தம் புரிகிறது. ஆனால் திரைக்கு இந்தப் பக்கம் இருந்து புதிய மாற்றங்களைக் கண்காணிப்பவர்களின் நிலையையும் சொல்லியாக வேண்டும். கல்லூரி ஒன்றில் நிகழ்வு நடக்கும் நாளில், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், அண்மைய மாற்றங்கள் பக்கம் முழுவதும் சிவப்பு நிறப் புதுப் பெயர்களாக நிரம்பிவிடும். மாற்றத்தின் காரணத்தைச் சொல்லும் தொகுப்புச் சுருக்கம் இல்லாமல் ஒரு பத்தி காணாமற்போனால், நீக்கியவர் விலங்கியல் மாணவியா விளையாட்டுக்கு அழிப்பவரா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? “உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதலுக்கு முரணானது” என்று ஒரு வரி எழுதியிருந்தால் எவரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

நான் மறக்க முடியாதது வேறொரு கல்லூரியின் நிகழ்வு. அதிகப் பைட்டுகள், அதாவது அதிக அளவு உரை, சேர்ப்பவருக்குப் பரிசு என்று அறிவித்திருந்தார்கள். அன்று இரவு வெப்ப இயக்கவியல் தொடர்பான கட்டுரை ஒன்றைத் திறந்தேன். நடை நன்றாகவே இருந்தது. கீழே போகப் போக, “படம் 4.2ஐக் காண்க” என்று ஒரு வரி, படம் இல்லை. அதற்கும் கீழே “குறுவினாக்கள்” என்ற தலைப்பில் வரிசை எண்களுடன் கேள்விகள். பாடநூல் அத்தியாயம் அப்படியே ஏற்றப்பட்டிருந்தது. பதிப்புரிமை மீறல் என்பதால் முழுவதையும் நீக்கினோம். பக்கங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முடிக்க வாரக்கணக்கில் ஆயிற்று. பரிசு வழங்கும் படம் அதற்கு முன்பே வெளியாகிவிட்டது. மாணவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. பைட்டுக்குப் பரிசு என்று சொன்னவர்கள்மீது இன்றும் இருக்கிறது.

அறிவியல் பீட மாணவி, யாழ்ப்பாணம்

எங்களுக்கு இந்தச் சிக்கல்கள் வரும் வரைக்கும்கூடப் போக முடியவில்லை. ஒரே இணைய இணைப்பு முகவரியிலிருந்து (ஐ.பி.) ஒரு நாளைக்கு ஆறு கணக்குகளுக்கு மேல் உருவாக்க முடியாது என்பது எங்களில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பீடத்தின் ஆய்வுகூடம் முழுவதும் ஒரே இணைப்பில் இருந்தது. ஏழாவது பிள்ளையின் திரையில் அறிவிப்பு வந்ததும், மற்றவர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு அந்த ஆறு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைபேசித் தரவு இருந்தவர்கள் அதில் முயன்றார்கள். இல்லாதவர்கள் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். யார் எழும்பிப் போனார்கள், யார் இருந்தார்கள் என்பதைப் பார்த்தபோது மனம் கனத்துப் போனது.

இருந்தவர்களுள் பெரும்பாலானோர் பாமினி விசைப்பலகைக்குப் பழகியவர்கள். விக்கிப்பீடியாவின் உள்ளீட்டுக் கருவியில் பாமினியும் தமிழ்99 விசைப்பலகையும் இருப்பதைக் காட்டிய பின்னர், ஒளித்தொகுப்புப் பற்றிய பகுதி ஒன்றை மிக நன்றாக எழுதினார்கள். முதல் மணித்தியாலத்திலேயே அதைக் காட்டியிருந்தால் இன்னும் சிலர் நின்றிருப்பார்கள்.

நூலகர், கோயம்புத்தூர்

இதற்குத் தீர்வு கடினமானதன்று. பங்கேற்பவர்களை முந்திய வாரமே வீட்டிலிருந்து கணக்குத் தொடங்கச் சொல்லிவிடுங்கள். விடுபட்டவர்களுக்கு விக்கிப்பீடியா நிருவாகி ஒருவர் கணக்கு உருவாக்கித் தரலாம். இணைய முகவரிக்கான வரம்பை ஒரு நாளுக்குத் தளர்த்தித் தரும்படி முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது.

எங்கள் நிகழ்வில் பெண் அறிவியலாளர்களை எடுத்துக்கொண்டோம். இந்த ஊரின் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ஜானகி அம்மாளைப் பற்றி, நாள்தோறும் அந்த வழியாகவே கல்லூரிக்கு வரும் மாணவர்களுள் எவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. 1945இல் மரபியலாளர் டார்லிங்டனுடன் இணைந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை வெளியிட்டவர் அவர். அவரைப் பற்றி அவர்கள் வாசித்த அந்த அரைமணி நேர அமைதியை நான் மறக்கவில்லை.

ஆனால் நான் வலியுறுத்த விரும்புவது சான்றுகளைப் பற்றி. கனடா இயற்பியலாளர் டோனா ஸ்டிரிக்லண்டைப் பற்றிய வரைவுக் கட்டுரை, போதிய சான்றுகள் இல்லை என்று 2018 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவில் நிராகரிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே கணினிகளை எண்ணுவதற்கு முன்னால் நூல்களைத் திரட்டுங்கள். ஒவ்வொரு மேசையிலும் அந்தத் துறை நூல்கள் சிலவாவது இருக்கட்டும். பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியத்தையும் வையுங்கள். ஆனால் அது வந்த காலத்தில் புளூட்டோ ஒரு கோள் என்பதையும், 2006இல்தான் பன்னாட்டு வானியல் ஒன்றியம் அதைக் குறுங்கோளாக வகைப்படுத்தியது என்பதையும் சொல்லி, பழைய நூலை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று பழக்குங்கள். புதுக் கட்டுரைகளைத் தவிர்த்து, இருப்பதைத் திருத்தச் சொல்லுங்கள். ஒருவர் ஒரு நாளில் ஒரு பத்தியைச் சரியான சான்றுடன் எழுதினால் போதும். நிகழ்வுக்கு மறுவாரம் அதே குழுவை மறுபடியும் கூட்டி, எது நின்றது, எது நீக்கப்பட்டது என்று வரலாற்றுப் பக்கத்தை அவர்களையே வாசிக்கச் செய்யுங்கள். சான்றிதழை அன்றைக்குக் கொடுங்கள்.

பயிற்சி மருத்துவர், மதுரை

சுற்றுக்காவல் செய்யும் நண்பருக்கு ஒரு சொல். பாடநூல் படியெடுப்பையும் முதலுதவித் தவறையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. படியெடுத்த வெப்ப இயக்கவியலை ஒரு வாரம் விட்டுவைத்தாலும் ஒருவருக்கும் உடம்பு கெடாது. கயிறு கட்டச் சொல்லும் வரி ஒரு மணி நேரம் இருந்தாலும், வயலிலிருந்து கைபேசியில் தேடுபவர் அதைப் படிப்பார். நான் பணியாற்றும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கட்டுப்போட்ட காலுடன் இன்றும் வருகிறார்கள். வீங்கிய காலில் கயிறு புதைந்த தடத்தைப் பார்த்தவர் எவரும், தொகுப்புச் சுருக்கம் எங்கே என்று முதலில் கேட்க மாட்டார். அந்த வரிக்குத்தான் சான்று இருந்ததா? இல்லையென்றால், சான்றில்லாத பழைய வரிக்கு ஒரு நியாயமும் அதை நீக்கிய புதியவருக்கு ஒரு நியாயமும் எப்படி வந்தன?

உடல்நலக் கட்டுரைகளில் புதிய பயனர் எதையாவது நீக்கினால், திருப்பி வைப்பதற்கு முன் நீக்கப்பட்ட வரியை ஒருமுறை வாசித்துப் பாருங்கள் என்று மட்டுமே கேட்கிறேன். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் முதலுதவிப் பகுதிகளையும் வழிகாட்டுதலுடன் ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் விடுதியில் சிலர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். விரிவுரையாளரின் மாணவி விரும்பினால் அவரும் சேரலாம். எந்தக் கட்டுரையிலிருந்து தொடங்குவது என்பதை அவரே சொல்லட்டும்.