தம்பியின் நெட்வொர்க் படிப்புக்கு ஒரு வழி சொல்லுங்கள்

வணக்கம். யாங்கோனில் இருக்கிறோம். தம்பி கம்ப்யூட்டர் டிப்ளமோவில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. நெட்வொர்க், செக்யூரிட்டி எல்லாம் உண்டு என்றுதான் பணம் கட்டினோம். இன்னும் வேர்ட், எக்செல்லைத் தாண்டவில்லை. அதிலும் பாதி நேரம் ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவதிலேயே போகிறது. கரண்ட் போனால் வகுப்பும் போச்சு.

வீட்டில் அவனே நோட்டில் சப்நெட் (ஒரு நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் கணக்கு) போட்டுப் பார்க்கிறான். /26 என்றால் 64 முகவரி, அதில் 62தான் கருவிகளுக்கு என்று நேற்று அம்மாவுக்கே பாடம் எடுத்தான். (அம்மா தலையாட்டிக்கொண்டே வெங்காயம் நறுக்கினார்.)

நேராக சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ என்ற நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வுக்குப் போகலாமா, இல்லை காம்ப்டியா அமைப்பின் நெட்வொர்க் பிளஸ் தேர்வை முடித்து, அப்புறம் செக்யூரிட்டி பிளஸ் எழுதட்டுமா? எழுதிய அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள். கம்ப்யூட்டரிலேயே நெட்வொர்க் அமைத்துப் பழகும் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசமாகக் கிடைத்துவிட்டது. தொட்டுப் பழகப் பழைய சிஸ்கோ நெட்வொர்க் ஸ்விட்ச் யாரிடமாவது இருக்கிறதா? விலைக்கென்றாலும் சரி.