கரி பிடிச்ச பிளக், விடியக்காலை இறைப்பு

நீர்வேலியான்:
பங்குக் கிணறு. எங்கட முறை விடிய நாலு மணியில இருந்து ஏழு மட்டும். 1992, யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. கண்மருந்துப் போத்தலுக்குள்ள பொத்திப் பொத்தி வச்சிருந்த பெற்றோலில ரெண்டு துளி காபரேட்டருக்குள்ள பீச்சித்தான் மண்ணெண்ணெயில தண்ணி இறைக்கிற மிசினை எடுக்கிறது. அண்டைக்கு இழுத்து இழுத்துக் கை விட்டுப்போச்சு. அப்பா எஞ்சினுக்குப் பொறி குடுக்கிற பிளக்கைக் கழட்டினார். நுனியெல்லாம் ஈரக் கரி. தள்ளிப் போய்ச் சிரட்டை கொளுத்தி, குறட்டால பிடிச்சுக் காய்ச்சிக்கொண்டு வந்தார். வயரை மாட்டி, ஹெட்டில முட்டக் குடுத்து, "இழுடா தம்பி" எண்டார். இருட்டுக்குள்ள மெல்லிய சிவப்புப் பொறி. திரும்பவும் காய்ச்சினார். நீலப்பொறி கண்டு மிசின் எடுக்கேக்க ஆறரை. ஏழுக்கு அடுத்த பங்குக்காரர் வந்திட்டார். பாதி வெங்காயம் நனையேல்லை.

முதல் நாள் சோக்கை, காபரேட்டருக்குப் போற காத்தை மறிக்கிற மூடியை, திறக்காமல் ஓட விட்டது நான். அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் சொல்லேல்லை.

இடைக்காட்டான்:
அண்ணை, சோக்கில மட்டும் பழியைப் போடாதையுங்கோ. குளிர்ந்த எஞ்சினுக்குள்ள மண்ணெண்ணெய் ஒழுங்கா ஆவியாகாது, பிளக் நனையத்தான் செய்யும். பெரியப்பான்ர பழைய பேர்கசன் உழவு மிசினுக்கு ரெண்டு எண்ணெய் ராங்க். பெற்றோலில எடுத்து, நல்லாச் சூடேறினாப் பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாத்துவார். நிப்பாட்ட முதல் திரும்பப் பெற்றோல். ஒருக்கா உழவுக்கு நடுவில மூண்டு சிலிண்டரில இருமிக்கொண்டு ஓடிச்சுது. நாலு பிளக்கையும் கழட்டி மட்காட்டில அடுக்கினம். மூண்டு மண்ணிறம். ஒண்டு கறுத்து மினுங்கி, விரலில பிசுபிசு எண்டு ஒட்டிச்சுது. அது ஒயில். பிளக்கை இடம் மாத்திப் போட்டும் அதே சிலிண்டர்தான் செத்தது. பிஸ்டன் ரிங் தேய்ஞ்சு போச்சு.

குப்பிழான் தோட்டம்:
என்ர கதை சின்னன். மண்கடதாசியால தேய்ச்ச பிளக் அடுத்த நாளே செத்துது. ஆனா நீர்வேலி அண்ணை, நெருப்பில காய்ச்சினது பிழை, பீங்கான் வெடிக்கும். கம்பிப் பிரசும் வேண்டாம், பீங்கானில உலோகக் கோடு விழுந்து மின்சாரம் அதால ஓடியிடும். பெற்றோலில கழுவி, துணியால துடைச்சு, காய விட்டாப் போதும். இடைவெளி 0.6, 0.7 மில்லிமீற்றருக்குள்ள இருக்கவேணும். காய்ஞ்ச கரி எண்டால் முதல் எயர் கிளீனரைப் பாருங்கோ, எங்கட செம்மண் தூசி அதை அடைச்சாப் பெற்றோல் கூடிக் காத்துக் குறையும். ஈரக் கரி எண்டால் ஒயில் மட்டம் பாக்கிற கம்பியை இழுத்து மணந்து பாருங்கோ. மட்டம் ஏறி மண்ணெண்ணெய் மணந்தால் எரியாத எண்ணெய் கீழ இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கியிட்டுது. அந்த ஒயிலோட ஒரு நாளும் ஓட வேண்டாம், பெயரிங் போயிடும்.

நீர்வேலியான்:
தம்பி, கழுவப் பெற்றோல் எங்க இருந்தது? போத்தலில மிஞ்சினது அடுத்த முறைக்கு. பீங்கான் வெடிக்கும் எண்டு அப்பாவுக்கும் தெரியும். அதுதான் சுவாலையில பிடிக்காமல் தணலுக்கு மேல உருட்டி உருட்டிக் காய்ச்சினவர். அந்தப் பிளக் இப்பவும் அவற்ற குறடு, சாவி வைக்கிற பெட்டிக்குள்ள கிடக்கு.