பெரியப்பா காரியத்துக்கு ஒரு போட்டோ

குழு: முத்தையா தாத்தா குடும்பம் (சிங்கப்பூர்)
வியாழக்கிழமை, மாலை 6:12

பிரியா: எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவின் 16ஆம் நாள். பிரேம் போட நல்ல போட்டோ ஒன்று வேண்டும். நாளை மதியத்துக்குள் கொடுத்தால்தான் சனிக்கிழமை கிடைக்கும் என்று தேக்கா கடைக்காரர் சொல்கிறார். யாரிடம் இருந்தாலும் அனுப்புங்கள்.

ராஜு மாமா (ஜோகூர்): அதிரசம் எத்தனை?

பிரியா: மாமா, முதலில் போட்டோ.

தேவி அண்ணி: ஐசி போட்டோ, அடையாள அட்டையில் உள்ளது, இருக்கிறது.

சரவணன் அண்ணன்: போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருப்பார். வேண்டாம்.

கலா அத்தை: என் மகள் கல்யாணத்தில் எடுத்ததைப் போடலாமே. பட்டு வேட்டி, மாலை எல்லாம் இருக்கிறது.

சரவணன் அண்ணன்: கண் மூடியிருக்கிறார்.

கலா அத்தை: நாலு ஆல்பத்திலுமா?

சரவணன் அண்ணன்: நாலிலும். இரவு வேலை முடிந்து நேராக ஜோகூருக்கு வந்தார், அத்தை.

தேவி அண்ணி: [படம்]

தேவி அண்ணி: இது எப்படி? மாமனாரின் பர்ஸுக்குள் இருந்தது.

பிரியா: ஐயோ, என்ன சிரிப்பு! பெரியப்பாவுக்கு இத்தனை பல் இருந்ததா?

ராஜு மாமா (ஜோகூர்): சூப்பர் 👌

கலா அத்தை: எங்கே எடுத்தது? பின்னால் வரிசையாக பாட்டில் தெரிகிறது.

சரவணன் அண்ணன்: வேலையிடத்தில்.

கலா அத்தை: சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். அவர்களிடம் அண்ணன் ஹோட்டலில் வேலை என்றுதான் சொல்லியிருக்கிறோம்.

சரவணன் அண்ணன்: சொல்லியிருக்கிறீர்கள்.

கலா அத்தை: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

ராஜு மாமா (ஜோகூர்): நான் படித்துவிட்டேன்.

கலா அத்தை: நீங்கள் சும்மா இருங்கள்.

மணியம் சித்தப்பா: பிரியா மற்றும் இளைய தலைமுறைக்கு. படத்தைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. அண்ணன் முதலில் வேலைக்குச் சேர்ந்தது ஆர்ச்சர்ட் டவர்ஸ் பாரில் இல்லை. 18 வயதில் பூகிஸ் ஸ்திரீட்டில் பீர் பாட்டில் தூக்குகிற பையனாகச் சேர்ந்தார். அங்கே தெருவே மேசை நாற்காலிதான். கப்பல்காரர்கள் வருவார்கள். நள்ளிரவுக்கு மேல் திருநங்கைகள் பளபளவென்று உடுத்திக்கொண்டு வருவார்கள். அவர்களோடு படம் எடுத்துக்கொள்ள வெள்ளைக்காரர்கள் காசு கொடுப்பார்கள். 1985இல் எம்.ஆர்.டி. ரயில் வேலைக்காக அந்தத் தெருவை இடித்தார்கள். 1989இல் ஸ்டேஷன் திறந்தது. அங்கே இறங்கும்போதெல்லாம், "நான் பாட்டில் தூக்கிய இடத்துக்கு அடியில் ரயில் விட்டிருக்கிறான்" என்று அண்ணன் சொல்வார். தெரியாதவர்களிடமும் சொல்வார்.

பிரியா: சித்தப்பா, போட்டோ ஓகேவா இல்லையா?

மணியம் சித்தப்பா: வருகிறேன். 1986இல் ஆர்ச்சர்ட் டவர்ஸ். பகலில் மேலே ஆபீஸ், கீழே தையல்கடை. இருட்டினால் கீழ் நாலு மாடியும் வேறு ஊர். அந்த நாலு மாடிக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரை இந்தக் குழுவில் எழுத மாட்டேன்.

சரவணன் அண்ணன்: நன்றி.

மணியம் சித்தப்பா: நான் டாக்சி ஓட்டிய காலத்தில் விடியற்காலை 3 மணிக்கு டவர்ஸை ஒட்டிய கிளேமோர் பக்கம் வரிசையில் நிற்போம். நள்ளிரவுக்கு மேல் மீட்டரில் பாதி கூடுதல். எஸ்கலேட்டரில் இறங்குகிறவர்களின் செருப்பைப் பார்த்தே யாருக்கு டாக்சி வேண்டும் என்று சொல்லிவிடுவேன். கையில் தூக்கிக்கொண்டு வந்தால் வேலை முடிந்த பெண். சில நாள் அண்ணனே இறங்கி வந்து, "இந்தப் பிள்ளையைக் கேலாங்கில் விட்டுவிடு, காசு நான் தருகிறேன்" என்பார். தரவே மாட்டார்.

ராஜு மாமா (ஜோகூர்): 😂 எனக்கும் 200 வெள்ளி பணம் தர வேண்டும்.

கலா அத்தை: இறந்தவர் கணக்கை இங்கே பேசாதீர்கள்.

பிரியா: சித்தப்பா கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு அது பழைய நாள். அங்கே நின்ற பெண்களில் எத்தனை பேர் ஏஜெண்ட் கடனுக்காக நின்றார்களோ. 2023இல் அங்கே பார்களை மூடியதற்கு அவர்கள் அழுதிருப்பார்களா?

மணியம் சித்தப்பா: நான் அழகு என்று எழுதவில்லையே. அழுதவர்களையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

தேவி அண்ணி: சாவு வீட்டுக்கு வெள்ளை லில்லியோடு ஒரு பிலிப்பினோ அம்மா வந்தார்களே, அவர்கள் யார்?

கலா அத்தை: நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன். அரை மணி நேரம் நின்றாள்.

சரவணன் அண்ணன்: அப்பா வேலை செய்த பாரில் கேஷியராக இருந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை லக்கி பிளாசாவில் ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்பார்கள். அப்பா போய் இடம் பிடித்து வைப்பார். வேறு கதை ஒன்றும் இல்லை, அத்தை.

கலா அத்தை: நான் கதை கேட்டேனா?

ராஜு மாமா (ஜோகூர்): அதிரசம் 100 போதுமா? வெள்ளிக்கிழமை இரவு ஜோகூர் பாலம் ஜாம். சனிக்கிழமை விடியற்காலை புறப்படுகிறோம்.

தேவி அண்ணி: 150, மாமா.

பிரியா: எனக்கு அந்த உப்புக்கடலைதான் ஞாபகம். பேப்பர் கப்பில் கொண்டுவருவார். விரலில் எலுமிச்சை வாசனை இருக்கும்.

சரவணன் அண்ணன்: சட்டையில் சிகரெட். 2007 ஜூலையில் பாருக்குள் சிகரெட் பிடிக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. முதல் வாரம் அம்மா சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "வேலைக்குப் போனீர்களா, எங்கே போனீர்கள்?" என்று கேட்டார்கள்.

தேவி அண்ணி: 🤣 இத்தனைக்கும் மாமனார் ஒரு சொட்டு குடித்ததில்லை.

பிரியா: கடைசியாக எப்போது வேலைக்குப் போனார்?

சரவணன் அண்ணன்: 2020 மார்ச் 26. கொரோனாவுக்காக எல்லா பாரையும் மூடிய இரவு. 2022 ஏப்ரலில் திறந்தபோது ஆள் வேண்டாம் என்றுவிட்டார்கள். கடைசி மாதத்து டிப்ஸ் பங்கும் வரவில்லை.

மணியம் சித்தப்பா: 2023 ஜூலை 31. ஆர்ச்சர்ட் டவர்ஸ் பார்களுக்கு லைசென்ஸ் முடிகிற நாள், கட்டடம் முழுக்க. நான்தான் அண்ணனைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். ஃபோனில் படம் எடுக்க வந்த கூட்டம்தான் அதிகம். பழைய கடைக்குள் போனோம். உட்கார மாட்டேன் என்றார். கவுண்டரில் ஒரு பையன் எலுமிச்சை வெட்டிக்கொண்டிருந்தான். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தடியாக வெட்டுகிறான்" என்றார். அவ்வளவுதான், இறங்கிவிட்டோம்.

(9 நிமிடம் யாரும் எழுதவில்லை)

ராஜு மாமா (ஜோகூர்): பார்க்கிங் எங்கே?

தேவி அண்ணி: புளோக் பின்னால், மாமா.

பிரியா: சரி, முடிவு சொல்லுங்கள். பாட்டிலை வெட்டிவிட்டு முகம் மட்டும் வைக்கலாமா?

சரவணன் அண்ணன்: வெட்டினால் கல்லாப் பக்கத்துப் பிள்ளையாரும் போய்விடுவார்.

கலா அத்தை: அங்கே பிள்ளையாரா?

சரவணன் அண்ணன்: பெரிதாக்கிப் பாருங்கள். அப்பா வைத்தது. முதலாளியின் சீன சாமி சிவப்பு விளக்கோடு மேலே, நம்முடையவர் கீழே.

கலா அத்தை: மல்லிகை வைத்திருக்கிறதே.

கலா அத்தை: பிள்ளையாரை வைத்துக்கொண்டு பாட்டிலை மட்டும் மறைக்க முடியாதா? கம்ப்யூட்டரில் செய்வார்களே. பின்னால் நீலமாக.

சரவணன் அண்ணன்: பாஸ்போர்ட் எடுக்கப் போகிறாரா?

பிரியா: அத்தை, ஒன்று சொன்னால் கோபப்படக் கூடாது. உங்கள் வீட்டுக் குத்துவிளக்குக்கு அடியில் எண்ணெய் ஒழுகாமல் வைத்திருப்பது என்ன?

கலா அத்தை: அட்டை.

பிரியா: பீர் கோஸ்டர். பெரியப்பா கொடுத்தது.

ராஜு மாமா (ஜோகூர்): இப்போதுதான் தூக்கிப் பார்த்தேன். புலி படம் போட்டிருக்கிறது.

தேவி அண்ணி: எங்கள் வீட்டிலும் அதேதான் 🙈

கலா அத்தை: அண்ணியைக் கேளுங்கள். அவர்கள் சொல்கிறபடி.

சரவணன் அண்ணன்: அம்மாவிடம் காட்டினேன்.

சரவணன் அண்ணன்: 🎤 0:23

பிரியா: ஆபீஸில் இருக்கிறேன், கேட்க முடியவில்லை. என்ன சொன்னார்கள்?

தேவி அண்ணி: "இந்தச் சட்டையை நான்தான் இஸ்திரி போட்டேன், காலர் நன்றாக நிற்கிறது" என்றார்கள். அப்புறம், படையலில் அதிரசத்தோடு உப்புக்கடலையும் வைக்க வேண்டுமாம்.

பிரியா: அப்போது போட்டோ ஓகேதானே?

தேவி அண்ணி: அதைச் சொல்லவில்லை.

மணியம் சித்தப்பா: கடலை நான் வாங்கி வருகிறேன். பேப்பர் கப்பில்தான் வைக்க வேண்டும். அது ஏன் என்றால்

மணியம் சித்தப்பா: எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கலா அத்தை: பிரியா, இரண்டு மாதிரியும் பிரிண்ட் போடு. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன்.

பிரியா: பிரேம் ஒன்றுதான் சொல்லியிருக்கிறேன், அத்தை.

ராஜு மாமா (ஜோகூர்): 150 என்றால் மாவு இன்றைக்கே இடிக்க வேண்டும். உறுதியா?