வில் பருவத்தில் பேட்டரி எதற்கு? காட்டில் பார்த்ததைச் சொல்லுங்கள்

கொலராடோவிலிருந்து:

பத்து வருடமாக செப்டம்பரில், வில் வேட்டைக்கென்று ஒதுக்கிய பருவம் வந்தால் நான் எல்க் (பெரிய மான் இனம்) காட்டில்தான் இருப்பேன். கையில் நுனி வளைந்த, பழைய பாணி 50 பவுண்டு ரிகர்வ் வில், கூடவே ஆறு அம்பு. 20 கஜத்துக்கு மேல் நாணை விடுவதில்லை. போன வருடம் நடந்ததை மனதிலேயே வைத்திருக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே ஒரு காளை எல்க், சீழ்க்கை அடிப்பது போல இழுத்து இழுத்துக் கூவிக்கொண்டிருந்தது. காற்று என் முகத்தைப் பார்த்து வீசியது. அரை மணி நேரம் முட்டி போட்டே நகர்ந்து 40 கஜம் வரை போய்விட்டேன். அது மூச்சு விடும் ஆவி கண்ணுக்குத் தெரிந்தது. சேற்றில் புரண்டுவிட்டு வந்த மூத்திர வாடை மூக்கில் ஏறியது. அப்போது எதிர்ச் சரிவிலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். அதே நேரத்தில் காளை ஒரு எட்டு முன்னால் வைத்தது. தோளுக்குப் பின்னால் ஏற வேண்டிய அம்பு வயிற்றில் ஏறி மறுபக்கம் போய்விட்டது.

எய்தவன் இறங்கி வந்தான். சின்னப் பையன், கை நடுங்கியது. தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரில் 78 கஜம் காட்டியது என்றான். மைதானத்தில் 100 கஜத்தில் தட்டு அளவு வட்டத்துக்குள் அம்பு போடுகிறவன். ஆனால் மைதானத்தில் இலக்கு நகராது. நொடிக்கு 280 அடி போகிற அம்புக்கு 78 கஜத்தைக் கடக்கக் கிட்டத்தட்ட ஒரு நொடி ஆகும். ஒரு எல்க் ஒரு எட்டு வைக்க அது போதும்.

அம்பைத் தேடி எடுத்தோம். ரத்தத்தைவிடப் பச்சைச் சாறுதான் அதிகம், புளித்த வாடை. உடனே துரத்தினால் இன்னும் தூரம் ஓடிவிடும் என்று சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். பிறகு இலைக்கு ஒரு சொட்டு, பத்து எட்டுக்கு ஒரு சொட்டு. ஓடையோரம் தடம் அறுந்தது. இரண்டு நாள் தேடினோம், கிடைக்கவே இல்லை. பையன் அழுதுவிட்டான். அவன் கெட்டவன் இல்லை. அத்தனை தூரம் எய்யலாம் என்ற தைரியத்தை அவனுக்குக் கொடுத்தது கருவி.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையே குற்றம் என்பதால் இந்தப் 'பருவம்' என்ற பேச்சு நம் ஆட்களில் பலருக்குப் புதிதாக இருக்கும். அமெரிக்காவில் எந்த ஆயுதத்துக்கு எத்தனை நாள் என்று ஒவ்வொரு மாநிலமும் பிரித்துக் கொடுக்கிறது. விஸ்கான்சின் 1934இல் வில்லுக்கென்று தனியாக மான் பருவம் விட்டது. இங்கே கொலராடோவில் எல்க் இணை சேரும் செப்டம்பர் கிட்டத்தட்ட முழுவதும் வில்லுக்கு. ரைஃபிள் துப்பாக்கிக்காரருக்கு அக்டோபர் நடுவில்தான் ஆரம்பம், அதுவும் முதல் சுற்று ஐந்தே நாள். வில் கஷ்டம், பத்துப் பேர் போனால் ஒருவருக்குக் கிடைத்தால் பெரிது என்பதால்தான் இவ்வளவு நாள் கொடுக்கிறார்கள். அந்தக் கஷ்டத்தைக் காசு கொடுத்துக் குறைத்துக்கொண்டே போனால் இத்தனை நாளையும் நாமே இழந்துவிடுவோம் என்பது என் பயம்.

மிசூரிக்காரர் ஹாலஸ் வில்பர் ஆலன், கப்பி வைத்த காம்பவுண்டு வில்லுக்கு 1966இல் காப்புரிமை கேட்டார், 1969 கடைசியில் கிடைத்தது. 70 பவுண்டு வில்லை முழுக்க இழுத்த பிறகு கையில் நிற்கிற பாரம் 14 பவுண்டாக இறங்கிவிடும். அதை ஏற்றுக்கொண்டாகிவிட்டது, நானும் அதில்தான் பழகினேன். ஆனால் 2018இல் கார்மின், பேட்டரியில் ஓடி, தூரத்தைத் தானே அளந்து குறிப்புள்ளி காட்டும் ஸைட்டை (வில்லில் மாட்டிக் குறிபார்க்கும் கருவி) கொண்டுவந்தது. கொலராடோ வில் பருவத்தில் அதற்கு இடமில்லை. சரியான முடிவு என்கிறேன். உங்கள் பக்கம் எப்படி?

பென்சில்வேனியாவிலிருந்து:

எனக்கு 58 வயது. தோள்பட்டைத் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை ஆனது. 45 பவுண்டு வில்லை இனி ஆயுசுக்கும் இழுக்க முடியாது. 2009இல் இங்கே வில் பருவத்தில் கிராஸ்போவுக்கு (துப்பாக்கி போல விசை வைத்த வில்) அனுமதி கொடுத்துவிட்டார்கள். அது இல்லையென்றால் அக்டோபர் காடு எனக்கு முடிந்த கதை.

முதல் நாள் வண்டி நிறுத்தும் இடத்திலேயே ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது வில்லே இல்லை" என்றார். தமிழர்தான், தெரிந்தவர். வலித்தது. ஆனால் மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தபோது அவர் சொன்னதில் பாதி சரி என்று பட்டது. மான் 18 கஜத்தில் நிற்கும்போது, அது தலையைக் குனியும் வரை காத்திருந்து, கண் மரத்துக்குப் பின்னால் மறைகிற நொடியில் வில்லை இழுக்க வேண்டும். பத்து முறையில் ஏழு முறை அந்த அசைவில்தான் மாட்டிக்கொள்வோம். கிராஸ்போவில் அது கிடையாது. ஏற்கனவே இழுத்துப் பூட்டியாகிவிட்டது, விசையைத் தட்டினால் போதும்.

அதனால் 30 கஜத்துக்கு மேல் எய்வதில்லை என்று வைத்திருக்கிறேன். என் மாதிரி ஆட்களுக்கு வழி இருக்கட்டும். தோள் நன்றாக இருக்கிற முப்பது வயதுப் பையன்களும் ஏன் இதை எடுக்கிறார்கள் என்று கேட்டால், என்னிடமும் பதில் இல்லை.

அரிசோனாவிலிருந்து:

எங்களுக்குத் தலைவலி டிரெயில் கேமரா, மிருகம் வந்தால் தானே படம் எடுப்பது. வறண்ட ஊர், மிருகத்துக்குத் தண்ணீர்த் தொட்டியை விட்டால் போக்கிடம் இல்லை. தடை வருவதற்கு முந்தைய வருடங்களில் ஒருமுறை ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் ஒரு குட்டையோரம் மறைவு கட்டி உட்கார்ந்தேன். சுற்றியிருந்த ஜூனிப்பர் மரங்களில் எண்ணினேன், 14 கேமரா. காலை ஆறு மணியிலிருந்து பதினொன்றுக்குள் நான்கு வண்டி வந்தது, மெமரி கார்டு மாற்ற. வண்டிப் புழுதி அடங்குவதற்குள் அடுத்தது. தூரத்தில் ஒரு பெண் மான் குட்டியோடு வந்து, நின்று, திரும்பிப் போனது. அன்று முழுக்க அது தண்ணீர் குடிக்கவில்லை.

2022 ஜனவரி 1 முதல் வேட்டைக்காகக் கேமரா வைக்கக் கூடாது என்று இங்கே தடை செய்துவிட்டார்கள். நானும் இரண்டு கேமரா வைத்திருந்தவன், கழற்றிவிட்டேன். இப்போது தடம் பார்த்துப் போகிறேன். குறைவாகத்தான் கிடைக்கிறது, பரவாயில்லை.

மிச்சிகனிலிருந்து:

நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்லப் போகிறேன், யாரும் கோபப்படாதீர்கள். என் கணவர் வேட்டைக்குப் போக மாட்டார், நான்தான் போவேன். இரண்டு வருடம் முன்பு, நவம்பர் முதல் வாரம், இருட்டுவதற்குச் சற்று முன் 22 கஜத்தில் ஒரு கிடா மானை எய்தேன். நல்ல அடி என்றுதான் நினைத்தேன். சதுப்பு நிலத்துக்குள் ஓடிவிட்டது, கோரை ஆள் உயரம். ஒன்பது மணிக்கு மழை என்று வானிலையில் போட்டிருந்தார்கள்.

பக்கத்துப் பண்ணைக்காரரிடம் வெப்பம் காட்டும் கேமரா வைத்த டிரோன் இருந்தது. ஐந்து நிமிடம் பறக்கவிட்டால் போதும். ஆனால் இங்கே 2015 சட்டப்படி டிரோனால் வேட்டையாடக் கூடாது, செத்த மானைத் தேடுவதும் அதில்தான் சேர்த்தி. சட்டத்தை மீறவில்லை. கயிற்றில் கட்டிய மோப்ப நாயைக் கூப்பிடலாம், அதற்கு அனுமதி உண்டு. நாய்க்காரர் அன்று வேறு மாவட்டத்தில் இருந்தார், மறுநாள் காலைதான் வர முடிந்தது. குட்டையான கால், முரட்டு முடி, டாக்ஸ்ஹுண்ட் நாய். இரவெல்லாம் மழை பெய்த கோரைக்குள் மூக்கைத் தரையில் ஒட்டியபடி நாற்பது நிமிடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. நான் தேடிய இடத்திலிருந்து அறுபது காலடிகூட இருக்காது. கொயோட்டுகள் (நரி போன்றவை) பின்தொடை இரண்டையும் தின்றுவிட்டிருந்தன. விலா எலும்பு வெளியே தெரிந்தது. மீதியில் ஒரு துண்டுகூடச் சமைக்கத் தேறவில்லை.

அந்தக் கோரைக்குள் நின்றபோது தோன்றியதுதான் இன்றும் என் கருத்து. உயிரை எடுக்க உதவும் கருவியும், எடுத்த உயிரை வீணாக்காமல் இருக்க உதவும் கருவியும் ஒன்றா? முன்னதை எவ்வளவு வேண்டுமானாலும் தடுங்கள். பின்னதை ஏன் தடுக்க வேண்டும்?

கொலராடோவிலிருந்து, மறுபடி:

அக்கா, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். டிரோனில் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. செத்த மானைத் தேடுகிறேன் என்று பறக்கவிட்டு, உயிரோடு நிற்பது எங்கே என்று பார்த்துவைப்பவன் கட்டாயம் இருப்பான். தேடலுக்குப் பறக்கும் அன்று கையில் வில் இருக்கக் கூடாது, மறுநாளும் அந்த இடத்தில் எய்யக் கூடாது என்று விதி போட்டால் ஒப்புக்கொள்வேன்.

ஆனால் நாண் விடும் வரை ஒரு கணக்கு, விட்ட பிறகு வேறு கணக்கு என்று நீங்கள் பிரித்தது எனக்கு இதுவரை தோன்றாத ஒன்று. பழைய முறையைக் கறாராகப் பிடித்துக்கொண்டிருக்கும் போப் அண்ட் யங் கிளப்பும் (வில்லால் எடுத்த மிருகங்களின் சாதனைப் பதிவை வைத்திருப்பவர்கள், கிராஸ்போவை இன்றுவரை அதில் சேர்ப்பதில்லை) ஒளிரும் 'நாக்' (nock) என்பதைப் பிற்பாடு அனுமதித்துவிட்டார்கள். அம்பின் வாலில், நாணைக் கவ்வும் இடத்தில் ஒரு குட்டி விளக்கு. எய்வதற்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. எங்கே பட்டது, எங்கே விழுந்தது என்று தெரியும், அவ்வளவுதான். இங்கேயும் அதற்கு அனுமதி உண்டு. பத்து வருடமாக வேண்டாம் என்றே இருந்தேன்.

நேற்று மூன்று வாங்கினேன். அம்பின் வால் சில கிரெயின் (அம்புக்கான சிறு எடை அளவு) கனத்துவிடுகிறது, 15 கஜத்திலேயே அம்பு கொஞ்சம் ஆடிப் போகிறது. முனையில் எடை கூட்டிப் பார்க்க வேண்டும். செப்டம்பருக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. ரிகர்வில் இதை மாட்டிப் பழகியவர்கள் யாராவது இருந்தால், எத்தனை கிரெயின் கூட்டினீர்கள் என்று சொல்லுங்கள்.