ஒரே ஈத்தில் இரண்டு தகப்பனா? டி.என்.ஏ. சோதனை பற்றி

கேள்வி (கம்மனஹள்ளி, பெங்களூரு):
என் சிப்பிப்பாறைப் பெட்டை நாய் ஒரே ஹீட்டில் (இணைசேரும் பருவத்தில்), மூன்று நாள் இடைவெளியில் இரண்டு கடுவன்களோடு (ஆண் நாய்களோடு) சேர்ந்துவிட்டது. ஆறு குட்டி, நான்கு வாரம் ஆகிறது. கடுவன்கள் இரண்டும் கூடப் பிறந்தவை. பதிவுக்கு முன் தகப்பன் எது என்று தெரிய வேண்டும். ஒரு குட்டியைச் சோதித்தால் போதுமா? சாம்பிளை வீட்டிலேயே எடுக்கலாமா?

பதில் 1:
ஒரு குட்டி போதாது சார். நாயின் கருமுட்டை வெளிவந்த பிறகு முதிரவே இரண்டு மூன்று நாள் பிடிக்கும். விந்தணு ஐந்தாறு நாள் தாங்கும். அதனால் ஒரே ஈத்தில் இரண்டு தகப்பன் அமைவது சகஜம். ஆறு குட்டி, தாய், இரண்டு கடுவன் என ஒன்பது சாம்பிளையும் ஒரே லேபுக்கு ஒன்றாக அனுப்புங்கள். சோதனையில் மார்க்கர் எனப்படும் டி.என்.ஏ. இடங்களைப் பார்ப்பார்கள்; ஒவ்வொன்றிலும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு வடிவங்கள் (அல்லீல்) இருக்கும், அவற்றை எண்ணால் குறிப்பார்கள். லேப் மாறினால் ஒரே அல்லீலுக்கு வேறு எண் வரக்கூடும்.

கணக்கு இப்படித்தான்: ஒரு மார்க்கரில் தாய் 152/156, குட்டி 156/160 என்றால் 156 தாய் கொடுத்தது, 160 தகப்பனிடமிருந்து வந்தாக வேண்டும். 152/164 உள்ள கடுவன் அந்த மார்க்கரில் பொருந்தாது. 160/164 உள்ளது பொருந்தும். ஆனால் பொருந்துவதாலேயே அதுதான் தகப்பன் என்று ஆகிவிடாது, அதை விலக்க முடியவில்லை என்றுதான் பொருள். மைக்ரோசிப் நாயின் அடையாளம் மட்டும்தான், பெற்றோர் யார் என்பதற்கு அது சான்றாகாது.

பதில் 2:
இங்கே சிக்கலே அண்ணன் தம்பி என்பதுதான். கூடப் பிறந்தவற்றுக்கு ஒரு மார்க்கரில் இரண்டு அல்லீலும் ஒன்றாகவே இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சிப்பிப்பாறை மாதிரி நெருங்கிய உறவில் இணைசேர்த்து வந்த வரிசைகளில் அது இன்னும் கூடும். ஐஸாக் (ISAG, சர்வதேச விலங்கு மரபியல் சங்கம்) அமைப்பின் 21 மைக்ரோசாட்டிலைட் (திரும்பத் திரும்ப வரும் சிறு டி.என்.ஏ. துண்டு) மார்க்கரில் இரண்டு கடுவனுமே பொருந்திவிடலாம். கடுவன்கள் சகோதரர்கள் என்று படிவத்தில் எழுதி, எஸ்.என்.பி. பேனல் (டி.என்.ஏ.வில் ஒற்றை எழுத்து மாறும் பல இடங்களைப் பார்க்கும் சோதனை) உண்டா என்று முதலிலேயே கேளுங்கள்.

பதில் 3:
கன்ன ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்து எடுக்கும் சாம்பிள்) வீட்டிலேயே எடுக்கலாம். கெடுவது பெரும்பாலும் பாலால்: பாலில் தாயின் செல்கள் இருக்கும், குட்டியின் வாயில் அவை ஒட்டியிருந்தால் ஒரே மார்க்கரில் மூன்று அல்லீல் தெரியும். தாயிடமிருந்து ஒரு மணி நேரமாவது பிரித்து, குட்டிகள் ஒன்றையொன்று நக்காமல் தனித்தனியாக வையுங்கள். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே அழுத்தி 20 விநாடி உருட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்வாப். எச்சில் நனைந்தால் மட்டும் போதாது, கன்னத்தின் உட்புறச் செல் வர வேண்டும். நன்றாக உலர்த்திக் காகித உறையில் போடுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் போட்டால் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. சிதையும். பெரிய நாய்களுக்கு டாக்டரிடம் இ.டி.டி.ஏ. (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுப்பது இன்னும் நம்பகம்.

கேட்டவர்:
நன்றி. ஒரே ஒரு மார்க்கர் மட்டும் ஒத்துவராவிட்டால்?

பதில் 1:
உடனே கடுவனை விலக்கிவிடாதீர்கள். மரபுப் பிறழ்வாக இருக்கலாம், பிரைமர் (சோதனையில் அந்த இடத்தில் ஒட்டி நகலெடுப்பைத் தொடங்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) ஒட்டாமல் ஓர் அல்லீல் கண்ணுக்குப் படாமலும் போகலாம். குட்டி 156/156, கடுவன் 160/160 என்று வந்தால் இரண்டாவது காரணத்தைச் சந்தேகியுங்கள். மறுசோதனை கேளுங்கள். இரண்டு, மூன்று மார்க்கரில் முரண்பட்டால் பொதுவாக அது தகப்பன் அல்ல.